நீரால் ஆன மணிகள்



நுங்கைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீரே. ஆயினும் அது தண்ணீரைப்போல் ஓடிவிடுவதில்லை. தனக்கென ஒரு வடிவத்தைக் காத்துக்கொண்டு நிற்கிறது. விரலால் அழுத்தினால் குழைகிறது. விரலை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சப்ஜா விதையைத் தண்ணீரில் இட்டால் சிறிது நேரத்தில் அதைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறை பருத்து நிற்கிறதே, அதுவும் இத்தகையதே. விஞ்ஞானிகள் இதனை ஹைட்ரோஜெல் என்பர். நாம் நீர்க்கூழ் என்று சொல்லிக்கொள்வோம். நீண்ட இழை போன்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டு வலையாகின்றன. அவ்வலையின் கண்களில் தண்ணீர் சிறைப்பட்டிருக்கிறது. நம் உடலின் மென்மையான பகுதிகள் பலவும் ஏறத்தாழ இந்த அமைப்பை உடையவைதாம். உடலுக்குள் வைக்கத்தக்க பொருள் எது என்று தேடியவர்கள் இரும்பையும் கண்ணாடியையும் விட்டு நீர்க்கூழிடம் வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

இந்த நீர்க்கூழைத் தலைமயிரின் பருமனே உள்ள மணிகளாக, ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாதபடி வார்த்தெடுக்கும் கலை எவ்வாறு பிறந்தது என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு. இவ்வளவு சிறிய பொருளுக்கு ஒரு வரலாறா என்று கேட்கலாம். உயிரியலின் இரண்டு பெரிய ஆசைகள் அந்த மணியை நம்பி நின்றன. நீரிழிவு நோயாளிக்கு ஊசி இல்லாத வாழ்வைத் தருவது ஒன்று. உடலின் உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்து அறிவது மற்றொன்று.

கதை பிராகா நகரத்தில் தொடங்குகிறது. ஓட்டோ விக்டர்லே என்ற செக் நாட்டு இரசாயனப் பேராசிரியர் 1952ஆம் ஆண்டில் ஒரு ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தார். அருகில் இருந்த பயணி, கண்ணில் பதிப்பதற்குரிய உலோகப் பொருள் ஒன்றைப் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். விக்டர்லே பேச்சில் கலந்துகொண்டார். மென்மையான கண்ணில் உலோகத்தை வைப்பானேன், தண்ணீரை ஏற்றுக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக்கை ஆக்கி வைக்கலாமே என்பது அவருடைய எண்ணம். தம்முடன் பணியாற்றிய டிராஹொஸ்லாவ் லிம் என்பவரோடு சேர்ந்து அத்தகைய பொருளை அவர் ஆக்கியும் காட்டினார். உயிரியலுக்குப் பயன்படும் நீர்க்கூழ்கள் என்ற பொருளில் அவ்விருவரும் எழுதிய கட்டுரை, 1960ஆம் ஆண்டு ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அச்சில் இரண்டே பக்கம். இத்துறையில் இன்று எழுதப்படுவன பலவும் அந்த இரண்டு பக்கத்தில் வேர்கொண்டவை என்பது என் கருத்து.

அக்கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, 1958இல், அரசியல் காரணங்களால் விக்டர்லே தம் கல்லூரிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். கூழினால் கண் வில்லை வார்க்கும் முயற்சிக்கு மேலிடத்து ஆதரவும் நின்றுபோயிற்று. ஆகவே 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, தம் வீட்டுச் சமையலறை மேசையின்மேல், குழந்தைகள் விளையாடும் 'மெர்க்கூர்' என்னும் இரும்புத் துண்டுப் பொம்மைப் பொருள்களைக் கொண்டு ஓர் இயந்திரத்தைப் பூட்டினார். அதைச் சுழற்றியது ஒரு சைக்கிள் டைனமோ. மின்சாரம் கொடுத்தது வாயில்மணியின் டிரான்ஸ்ஃபார்மர். சுழலும் சிறு கிண்ணத்தில் திரவம் விளிம்பை நோக்கி ஏறி, அவ்வாறே இறுகி, வில்லையாயிற்று. இன்று கோடிக்கணக்கானோர் கண்ணில் அணியும் மென்மையான வில்லைகள் இந்த மேசையிலிருந்து புறப்பட்டவை. காப்புரிமை 1965இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்றது. அமெரிக்க அரசின் அனுமதி 1971இல் கிடைத்தது. விக்டர்லேயோ, 1968ஆம் ஆண்டின் அரசியல் எழுச்சியில் கையெழுத்திட்டதற்காக மறுபடியும் பதவிகளை இழந்தார். காலம் மாறி 1990இல் அவர் தம் நாட்டின் விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவரானார்; 1998இல் மறைந்தார்.

வில்லை பெரிய பொருள். விரல்நுனியில் வைத்துப் பார்க்கலாம். மணியின் கதை வேறு. அதற்குத் துளியின் இயல்பை முதலில் அறிய வேண்டும்.

நம் வீடுகளில் பூந்தி செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கடலைமாவுக் கரைசல் கரண்டியின் துளைகளின் வழியே ஒழுகி, துளித்துளியாக அறுந்து, எண்ணெயில் விழுந்து இறுகுகிறது. கைதேர்ந்தவர் செய்தால் மணிமணியாக விழும். நம்மைப் போன்றவர் செய்தால் சிலவற்றுக்கு வால் முளைத்திருக்கும், சில இரண்டாக ஒட்டியிருக்கும். ஒழுகும் திரவம் ஏன் இழையாகவே நீளாமல் துளியாக அறுகிறது? பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரப் பேராசிரியர் ஜோசஃப் பிளாத்தோ இதற்கு 1873இல் விடை எழுதினார். ஒரு நீரிழையின் நீளம் அதன் சுற்றளவைக் காட்டிலும் மிகுந்துவிட்டால், அது தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் பொருட்டுத் துளிகளாக உடைந்துவிடும் என்று அவர் கண்டார். கண்டார் என்றேன், அவர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்வையை முற்றும் இழந்தவர். சோதனைகளைப் பிறர் செய்து சொல்லச் சொல்ல, அவர் மனத்தால் கண்டு எழுதினார். பின்னர் இங்கிலாந்தின் ராலே பிரபு அதற்குக் கணிதம் வகுத்தார். ஆயினும் துளியைச் சொன்னபடி கேட்கச் செய்வது அடுத்த நூறு ஆண்டுகளில் எவருக்கும் முற்றிலும் கைவரவில்லை.

இனி நீரிழிவுக்கு வருவோம். நம் கணையத்தில் தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்கள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. சிறு வயதில் வரும் நீரிழிவில் உடலின் காவற்படையே அத்தீவுகளை அழித்துவிடுகிறது. என் தமக்கையின் பேத்திக்கு ஒன்பது வயதில் இந்நோய் வந்தது. பள்ளிக்குப் புறப்படுமுன் அவள் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த ஆராய்ச்சியை வெறும் விநோதச் செய்தியாகப் படிக்க முடிவதில்லை.

வேறோர் உடலிலிருந்து தீவுகளை எடுத்து நோயாளிக்கு வைத்தால் என்ன? காவற்படை அவற்றையும் அழிக்கும். அப்படியானால் அத்தீவுகளை நீர்க்கூழ் மணிக்குள் வைத்து உடலில் விட்டால்? வலையின் கண் வழியே சர்க்கரையும் பிராணவாயுவும் உள்ளே போகும். இன்சுலின் வெளியே வரும். பருத்த காவல் அணுக்கள் மட்டும் நுழைய முடியா. 1980இல் ஃபிராங்க்ளின் லிம், அந்தோணி ஸன் என்ற இருவரும் இதனைச் செய்து 'சயன்ஸ்' இதழில் எழுதினர். பிராகாவின் லிம்முக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமையன்றி உறவில்லை. நீரிழிவு கண்ட எலிகளின் உடலில் இம்மணிகளை ஒருமுறை வைத்ததும், இரண்டு மூன்று வாரங்கள் அவற்றின் சர்க்கரை அளவு சீராக நின்றது. ஸன் பணியாற்றிய டொராண்டோ நகரத்தில்தான் 1921இல் இன்சுலினும் கண்டெடுக்கப்பட்டது.

அவர்கள் கையாண்ட கூழ் ஆல்ஜினேட் என்பது. பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. இங்கிலாந்தின் ஸ்டான்ஃபோர்டு என்ற இரசாயன அறிஞர் 1881இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் இராமநாதபுரக் கடற்கரையில் பெண்கள் நீரில் இறங்கிச் சேகரிக்கும் கட்டக்கோரைப் பாசியிலும் இப்பொருள் உண்டு. ஆல்ஜினேட் கரைசலின் துளியைச் சுண்ணாம்புச் சத்து கலந்த நீரில் விட்டால், விழுந்த மாத்திரத்தில் இறுகி மணியாகிவிடும். பூந்தியேதான், எண்ணெய்க்குப் பதில் சுண்ணாம்புச் சத்து நீர், அவ்வளவே.

பூந்தியின் குறைகளும் அப்படியே வந்தன. மணி பெரிதானால் நடுவில் இருக்கும் தீவுக்குப் பிராணவாயு எட்டாமல் மூச்சுத் திணறும். சிறிதானால் தீவு உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைநீட்டும். காவற்படைக்கு அதுவே வாயிலாகும். வால் முளைத்த மணியின் கரடான பரப்பின்மேல் உடல் வடுத்தசையைப் போர்த்திவிடும். உள்ளே இருப்பவை பட்டினியால் மடியும். ஒரே தொகுதியில் நல்ல மணியும் கெட்ட மணியும் கலந்திருந்தால், சோதனை தோற்றபோது தோற்றது கூழா, வடிவமா, அளவா என்று எவ்வாறு பிரித்தறிவது? 1994இல் ஒரு நோயாளி இத்தகைய மணிகளால் ஊசியின்றி வாழ்ந்தார் என்று 'லான்ஸெட்' இதழில் செய்தி வந்தது. ஆனால் அவர் முன்பே மாற்றுச் சிறுநீரகம் பெற்றுக் காவற்படையை அடக்கும் மருந்துகளை உண்டுவந்தவர். எனவே வெற்றி கூழுக்கு உரியதா, மருந்துக்கு உரியதா என்ற ஐயம் நீங்கவில்லை.

துளியை அடக்கும் வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மின்னணுச் சில்லுகளைச் செய்வோர் ஒளியைக் கொண்டு நுண்ணிய கோடுகளைப் பொறிப்பார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்ஸைட்ஸ் குழுவினர் அந்த முறையால் ஓர் அச்சைச் செய்து, அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் பாகை ஊற்றி இறுகவைத்து உரித்தெடுத்தனர். உரித்த ரப்பரில் மயிரிழை போன்ற கால்வாய்கள் பதிந்திருந்தன. அதைக் கண்ணாடியோடு ஒட்டினால் கால்வாய்க்குக் கூரையும் தளமும் கிடைத்துவிடும். இந்த எளிய முறையை 1998இல் அவர்கள் எழுதினார்கள். அதுவரை இலட்சங்கள் செலவிட்டு நடந்த வேலை, ஓரளவு வசதியுள்ள எந்த ஆய்வுக்கூடத்துக்கும் எட்டியது.

இத்தகைய கால்வாயில் தண்ணீர் நாம் ஆற்றில் காணும் தண்ணீரைப்போல் சுழியிட்டு ஓடாது. தேனைப்போல் அமைதியாக, அடுக்கடுக்காகச் செல்லும். கலங்கலுக்கு இடமில்லாத ஓட்டத்தில் துளியும் ஒழுங்காகவே பிறக்கும். 2001இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தோர்சன், ஸ்டீஃபன் குவேக் முதலியோர், எண்ணெய் ஓடும் கால்வாயில் பக்கத்திலிருந்து தண்ணீரைச் செலுத்தினர். எண்ணெய் தண்ணீர் நாக்கை வளைத்து இழுத்து அறுத்தது. அறுந்த துளிகள் அணிவகுத்துச் சென்றன. அக்குழுவில் இருந்த ஃபிரான்ஸிஸ் ஆர்னால்டு என்ற அம்மையார் பின்னர் 2018இல் வேறொரு பணிக்காக இரசாயன நோபெல் பரிசு பெற்றார். 2003இல் ஷெல்லி அன்னா, ஹோவர்ட் ஸ்டோன் முதலியோர் எண்ணெயை இருபுறமும் நெருக்கவிட்டு, நடுவே ஓடும் நீரிழையைக் குறுகிய வாயில் ஒன்றில் கத்தரித்தனர். பிளாத்தோ சொன்ன அதே அறுபடுதல், இப்போது சட்டம் போட்ட இடத்தில், சொன்ன நேரத்தில் நிகழ்ந்தது.

ஓர் ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நான் இதனைப் பார்த்திருக்கிறேன். விநாடிக்கு ஆயிரம் என்ற வேகத்தில் துளிகள் பிறப்பதால், வெறுங்கண்ணுக்கு அது அசையாத முத்துவடமாகவே தோன்றும். வேகக் காமிராவின் படத்தை மெதுவாக ஓட்டியபோதுதான், ஒவ்வொரு துளியும் கழுத்து மெலிந்து அறுவது தெரிந்தது. துளிக்குத் துளி வேறுபாடு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்குமேல் இல்லை.

துளி கிடைத்தது, அதைக் கூழாக்குவது எளிதாக இல்லை. ஆல்ஜினேட் சுண்ணாம்புச் சத்தைக் கண்ட இடத்திலேயே இறுகிவிடும் என்றேன். கால்வாய்க்குள் இரண்டும் சந்தித்தால் கால்வாயே அடைபட்டுப்போகும். டோக்கியோவில் டான், தாக்கியூச்சி என்ற இருவர் 2007இல் ஒரு நல்ல உபாயம் செய்தனர். கரையாத சுண்ணாம்புத் தூளைத் துளிக்குள்ளேயே கலந்துவைத்தனர். துளி அறுந்து நடந்த பிறகு, எண்ணெயில் கலந்த புளிப்பு அமிலம் துளிக்குள் ஊறும், தூள் கரையும், துளி உள்ளிருந்தே இறுகும். அமிலம் மிகுந்தால் உயிரணுவுக்குக் கேடு என்பதால், பின்வந்தவர்கள் அதை இன்னும் மென்மையாக்கினர்.

வேறு சிலர் ஒளியால் இறுகும் கரைசலை நாடினர். அவ்வழியில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தெந்துகூரி, பாட்ரிக் டாயில் முதலியோர் 2006இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. துளியே வேண்டாம் என்று அவர்கள் துணிந்தார்கள். கால்வாயில் கரைசல் ஓடும்போதே, உருப்பெருக்கியின் வழியாக முக்கோணம், சதுரம் என்று வேண்டிய வடிவில் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடம் அந்த வடிவிலேயே கூழாயிற்று. அது சுவரோடு ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டவில்லை. ரப்பர் சுவரின் வழியே வெளிக்காற்றின் பிராணவாயு கசிந்து உள்ளே வருகிறது. பிராணவாயு உள்ள இடத்தில் அந்த இறுகல் நடவாது. எனவே சுவரை ஒட்டி ஒரு மெல்லிய திரவப் படலம் எப்போதும் நின்றது. கூழ்த்துண்டு அதன்மேல் வழுக்கிச் சென்றது. கசிவைக் குறையென்று அடைக்க முயன்றிருந்தால் இம்முறை பிறந்திருக்காது.

இனி இரண்டாவது ஆசைக்கு வருகிறேன். ஒரு துண்டுத் தசையை அரைத்துச் சோதித்தால், இலட்சக்கணக்கான உயிரணுக்களின் சராசரிச் செய்தியே கிடைக்கும். சந்தையின் இரைச்சலைக் கேட்டு, அங்கே ஒவ்வொருவரும் என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியுமா? உயிரணு ஒவ்வொன்றையும் ஒரு துளிக்குள் தனியே அடைத்து, அதன் செய்தி மூலக்கூறுகள்மேல் அதற்கே உரிய முகவரிச் சீட்டை ஒட்டினால், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வாசித்தாலும் எந்தச் செய்தி எந்த உயிரணுவுடையது என்று பிரித்துவிடலாம். முகவரிச் சீட்டைச் சுமந்து வருவது மணி. ஆகவே ஒவ்வொரு துளியிலும் ஓர் உயிரணுவும் ஒரு மணியும் கூட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கடினமான மணிகளை நெருக்கிவிட்டால் அடைத்துக்கொள்ளும். இடைவெளி விட்டுத்தான் அனுப்ப வேண்டும். பத்துத் துளிக்கு ஒரு மணி என்று அனுப்பினால், புவாஸோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் விதிப்படி, 100 துளிகளில் 90 வெறுமையாகவும் 9 ஒற்றை மணியோடும் அமையும்; எஞ்சியவற்றில் மணி இரண்டாகிவிடும். உயிரணுவும் அதே கணக்கில் வந்தால், இரண்டும் கூடுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

கூழ்மணி மென்மையானது. நெருக்கினாலும் நசுங்கிக் குழைந்து, அடுத்ததோடு உரசி, ஒற்றை வரிசையில் நகரும். ஹார்வர்டின் அபாட்டே, டேவிட் வைட்ஸ் முதலியோர் 2009இல் இதனைக் காட்டினர். வரிசையில் நிற்கும் மணிகள் எல்லாம் ஒரே அளவினவாக இருந்தால், ஒரு மணி வரும் இடைவெளியும் ஒரு துளி அறும் இடைவெளியும் ஒத்துப்போகச் செய்துவிடலாம். ஏறத்தாழ ஒவ்வொரு துளிக்கும் ஒரு மணி நிச்சயம். பிறகு எந்தத் துளியில் உயிரணு வந்து சேர்ந்தாலும் அதற்கொரு சீட்டு காத்திருக்கும். விக்டர்லே கண்ணுக்காக வேண்டிய மென்மையும், கால்வாய்க்காரர்கள் துளிக்காக வேண்டிய ஒழுங்கும் ஒன்றையொன்று தேடியவைபோல் இங்கே பொருந்தின.

2015ஆம் ஆண்டு மே மாதம் 'செல்' இதழின் ஒரே வெளியீட்டில் இரு குழுவினர் இத்தகைய முறைகளை வெளியிட்டனர். ஒன்று கடின மணிகளைக் கொண்டது. அதுவும் நற்பயன் தந்தது. மற்றொன்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஆலன் க்ளைன், மார்க் கெர்ஷ்னர் முதலியோருடையது. அவர்கள் கூழ்மணியைக் கையாண்டனர். 384 வகைச் சீட்டின் முற்பாதியோடு 384 வகைப் பிற்பாதியைச் சேர்த்து, 1,47,456 வேறுபட்ட முகவரிகளை அவர்கள் ஆக்கினர். மணி வலையாக இருப்பதால் மேற்பரப்பில் மட்டுமன்றி உடல் முழுவதிலும் சீட்டைச் சுமந்தது. துளிக்குள் சென்றதும் ஒளி பாய்ச்சிச் சீட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். 2018இல் அதே முறையால், ஒரு தவளைக் கருவும் ஒரு வரிமீன் கருவும் ஒற்றை அணுவிலிருந்து உடலாகும் வழியை உயிரணு உயிரணுவாக எழுதிக்காட்டினார்கள். அவ்வாண்டின் தலைசிறந்த விஞ்ஞான முன்னேற்றமாக 'சயன்ஸ்' இதழ் தேர்ந்தது இத்தகைய பணிகளையே.

முதல் ஆசை என்னவாயிற்று? ஒழுங்கான மணி கிடைத்ததும் அதுவும் நிறைவேறும் என்று பலர் எண்ணினர். அங்கே ஒரு கணக்குச் சங்கடம் உண்டு. ஒரு தேக்கரண்டித் தண்ணீரை 60 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 60/1000 பங்கு, குறுக்களவுள்ள துளிகளாக்கினால் 4 கோடிக்கு மேற்பட்ட துளிகள் வரும். விநாடிக்கு 1,000 வீதம் அவற்றை அறுத்தெடுக்க 12 மணி நேரம் ஆகும். தயிர்மத்தால் கடைந்தால் ஒரு நிமிஷம். இதற்காகப் பல கால்வாய்களை இணைத்து ஓட்டுகிறார்கள்.

அதனினும் வியப்பான செய்தி 2015இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்தது. வைசே, ராபர்ட் லாங்கர், டேனியல் ஆண்டர்சன் முதலியோர், வெவ்வேறு அளவில் மணிகளைச் செய்து விலங்குகளின் உடலில் வைத்துப் பார்த்தனர். சிறியது நல்லது என்று எல்லாரும் நம்பியிருக்க, சிறிய மணிகளின்மேல் வடுத்தசை அடர்ந்தது. ஒன்றரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய மணிகள் பெரிதும் தப்பின. அளவை ஒழுங்காகக் கட்டுப்படுத்திச் சோதித்தமையால்தான் இந்த வேறுபாடு வெளிப்பட்டது. பழைய கலப்பு மணிகளில் அது மறைந்தே கிடந்திருக்கும். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் கிரிஃபின், டீனோ டி கார்லோ, டாட்டியானா ஸெகூரா முதலியோர் நுண்மணிக்கு வேறொரு மருத்துவப் பணியைக் கண்டனர். ஒரே அளவான கூழ்மணிகளைப் புண்ணில் நிரப்பி ஒன்றோடொன்று ஒட்டவைத்தால், சல்லிக் குவியலில் இருப்பதுபோல் இடையிடையே சந்துகள் அமைகின்றன. புதுத் தோலின் அணுக்கள் அச்சந்துகளில் ஊர்ந்து ஏறுகின்றன. எலிகளின் காயம் அதனால் விரைவில் ஆறியது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசு, கொடையாளரின் கணையத் தீவுகளை நீரிழிவு நோயாளிக்குச் செலுத்தும் ஒரு சிகிச்சைக்கு முதன்முறையாக அனுமதி வழங்கியது. அத்தீவுகளுக்குக் கூழ் உறை ஏதும் இல்லை; நோயாளி காவற்படையை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உண்டுவர வேண்டும். பெரியவர்களுக்கே, அதிலும் ஊசியால் சர்க்கரையை அடக்க முடியாமல் அடிக்கடி மயங்கி விழும் நிலையில் உள்ளவர்களுக்கே, அச்சிகிச்சை உரியது. அம்மருந்துகளை வேண்டாததாக்கக்கூடிய மணியை இன்னும் ஆய்வுக்கூடங்களில் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் தமக்கையின் பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். புதிய மணியைப் பற்றிய செய்தி வந்தால் எனக்கு முன்னே அவள் படித்துவிடுகிறாள்.